வயர் சுற்றும் நேரம்

கரீமாவின் மைக் செட் கட்டிய கூட்டம் என்றால், கூட்டம் முடிந்த பிறகும் மைக் வேலை செய்யும். தேசிய கீதம் முடிந்திருக்கும். மேடையில் இருந்தவர்கள் கார் ஏறிப் போயிருப்பார்கள். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்கும். மைக் மட்டும் மேடையில் அப்படியே நிற்கும். யார் வேண்டுமானாலும் அதன் முன்னால் போய்ப் பேசலாம். கரீமா தூரத்துக் கம்பத்திலிருந்து வயரைச் சுற்றிக்கொண்டே வருவாள். அவள் கை மைக்கைத் தொடும்வரைதான் நேரம்.

புதுச்சேரிக் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருகிறவர்களுக்கு இது தெரியும். ‘வயர் சுத்தற நேரம்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. கூட்டத்துக்கு வராமல், கூட்டம் முடிகிற வேளையாகப் பார்த்து வருகிறவர்களும் இருந்தார்கள்.

காந்தி திடல் பெரிய இடம் அல்ல. கடலுக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து காந்தி. சுற்றிலும் செதுக்கு வேலை உள்ள கருங்கல் தூண்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோது இங்கே அவர்களுடைய கவர்னர் டூப்ளே சிலையாக நின்றார். அவர் இப்போது கடற்கரையின் தென்கோடியில் இருக்கிறார். நிற்கிற ஆள் மாறியிருக்கிறார், தூண்கள் அப்படியே இருக்கின்றன. ஊரில் எது நடந்தாலும் அது கடைசியில் இங்கே வந்து சேரும். உண்ணாவிரதம், மெழுகுவத்தி ஊர்வலம், ஓட்டுக் கேட்பது, வென்றவர் நன்றி சொல்வது, தோற்றவர் கண்டனம் சொல்வது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார்கள். அவர்கள் பாடுவதும் திடலுக்குக் கேட்கும்.

கரீமா முத்தியால்பேட்டைக்காரி. அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். அவள் பத்தாவது தாண்டவில்லை. இரண்டு தெரு தள்ளி மைக் செட் கடை வைத்திருந்த அக்பர் அலிக்கு அவளைக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்றைக்கு மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்குத் தானே குழாய் கட்டிவிட்டுத் தாமதமாக வந்தார். கூம்பு ஒலிபெருக்கியைத்தான் குழாய் என்பார்கள். அந்தக் குழாயில் பாட்டு சரியாக வரவில்லை என்று பாதியில் எழுந்துபோய்ச் சரிசெய்தார் என்றும் சொல்வார்கள். அக்பர் அலி அதை மறுத்ததில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு, ஒரு திருவிழாவுக்குக் குழாய் கட்டும்போது அவர் கம்பத்திலிருந்து விழுந்தார். முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. நடக்கலாம், ஏற முடியாது. செட்டை விற்றுவிடலாம் என்றார்.

“எதுக்கு விக்கணும்? நான் ஏறறேன்” என்றாள் கரீமா.

“நீ வீட்டுல பரண் மேல ஏறவே பயப்படுவ.”

“பரண்ல பல்லி இருக்கும். கம்பத்துல இன்னா இருக்கு?”

அவருடைய பழைய கால்சட்டையைப் புடவைக்குள் போட்டுக்கொண்டாள். இடுப்பில் கயிறு. தலையை மூடிய முந்தானையை இழுத்துக் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டாள். முதல் முதலாக ஏறியது சொந்தத் தெருவில், ஒரு காதுகுத்துக்கு. பக்கத்து வீட்டு ராஜாம்பாள் கீழே நின்று, “எட்டி நில்லுங்கடி, மேல விழுந்தா நாமதான் சட்டினி” என்றாள். கரீமா மேலிருந்தே, “உன் மேல விழுந்தா எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா, மெத்த மாதிரி இருப்ப” என்றாள். அதற்குப் பிறகு அவள் கம்பம் ஏறுவதைப் பற்றி அந்தத் தெருவில் யாரும் பேசவில்லை.

அக்பர் அலி அவளுக்கு இரண்டு விஷயம்தான் சொல்லிக்கொடுத்தார். குழாயைக் கடல் பக்கம் திருப்பாதே, மீனுக்கு ஓட்டு கிடையாது என்பது ஒன்று. கழற்றும்போது கடைசிக் குழாயிலிருந்து கழற்றிக்கொண்டு வா, மைக்கைக் கடைசியில் கழற்று என்பது இன்னொன்று. முதலில் மைக்கைப் பிடுங்கினால் ‘டப்’ என்று ஒரு அடி எல்லாக் குழாய்க்கும் போகும், உள்ளே இருக்கும் தகடு கிழியும். அதுவும் தவிர, தூரத்துக் கம்பத்தில் நிற்கும் ஆளுக்கு இங்கிருந்து கத்திக்கொண்டிருக்க வேண்டாம். மைக்கிலேயே சொல்லிவிடலாம்.

அப்படித்தான் அது தொடங்கியது. வேலை முறைதான், வேறு எண்ணம் இல்லை.

முதல் வருஷம் ஒரு சாயங்காலம், ஏதோ ஒரு சங்கத்தின் கூட்டம் முடிந்து அவள் மேரி பக்கத்துக் கம்பத்தில் இருந்தாள். நகராட்சிக் கட்டடத்தைப் பழைய ஆட்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள். திடலிலிருந்து தெற்கே கொஞ்சம் நடக்க வேண்டும். திடீரென்று குழாயில் ஒரு ஆண் குரல் வந்தது.

“என் மாமியாரக் காணோம். பச்சப் பொடவ. யாராச்சும் பாத்தா திடலுக்கு அனுப்பி வையுங்க.”

கடற்கரை முழுவதும் சிரித்தது. சற்று நேரத்தில் ஐஸ் வண்டிப் பக்கமிருந்து பச்சைப் புடவை கட்டிய அம்மாள் நடந்து வந்து, மருமகனிடமிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். “நான் ஒண்ணும் தொலையில. இவந்தான் தொலஞ்சான். இப்ப கெடச்சிட்டான்” என்றாள்.

கரீமா கம்பத்தில் இருந்தபடியே சிரித்தாள். பிடுங்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்றார். ஒரு பெண் தன் மகள் பிளஸ் டூ தேறிவிட்டாள், பெயர் கமலவேணி, எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். குடித்துவிட்டு வந்த ஒருவர் மச்சானைத் திட்ட ஆரம்பித்து, பாதியில் அழுது, மன்னிப்புக் கேட்டு முடித்தார். சில சமயம் சற்றுமுன் பேசிய தலைவருக்கு யாராவது பதில் சொல்வார்கள். அப்போது நாற்காலி அடுக்குகிறவர்கள் கூட நின்று கேட்பார்கள். கரீமா எதையும் தடுக்கவில்லை. யார் பேசினாலும் அதே வேகத்தில் வயரைச் சுற்றினாள். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே, எட்டுப் போடுகிற மாதிரி.

ஒரே ஒரு முறைதான் சுற்றுவதை நிறுத்தினாள்.

சுனாமி வந்து போனதும் திடலில் ஒரு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. எல்லா மதத்துப் பெரியவர்களும் பேசினார்கள். கூட்டம் முடிந்து வயர் சுற்றும் நேரத்தில் குருசுக்குப்பத்து இராமதாஸ் மைக்கின் முன்னால் வந்து நின்றான். அவனுடைய கட்டுமரமும் வலையும் போயிருந்தன. தம்பியும் போயிருந்தான். வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. இறங்கவும் இல்லை. மைக் திறந்தே இருந்தது. அவனுக்குப் பின்னால் இருந்த கடல் குழாய்களில் கேட்க ஆரம்பித்தது. கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கரீமா கையில் பாதி வயரோடு நின்றாள். அவன் எவ்வளவு நேரம் நின்றானோ அவ்வளவு நேரம் ஊர் கடலைக் கேட்டது. பிறகு அவன் மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனான்.

அடுத்த மாதம் கடைக்கு வந்தான். “வேல இருந்தா குடுங்கக்கா. இப்போதைக்கு கடலுக்கு வேணாம்” என்றான். அன்றிலிருந்து டிரை சைக்கிளில் செட்டை ஏற்றி மிதிப்பதும், தூரத்துக் கம்பங்களில் ஏறுவதும் அவன் வேலை. கூட்டம் முடிந்ததும் ஊர் முதலில் கேட்பது கரீமாவின் குரலைத்தான். “இராமதாசு, மேரி பக்கத்துத எறக்கு.” கடற்கரையில் விளையாடுகிற பிள்ளைகள் அதை அவளைப் போலவே சொல்லிக் காட்டுவார்கள்.

இரண்டாயிரத்து ஆறில் நகராட்சித் தேர்தல் வந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு. நரைத்த தலைக்காரர்களைத் தவிர ஊரில் யாரும் நகராட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை. கவுன்சிலர் என்றால் என்ன செய்வார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கிராமப்புறத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் சேர்த்துத் தேர்தல் என்பதால் கிராமங்களிலும் கொடி பறந்தது. மைக் செட்காரர்களுக்கு இதைவிட நல்ல காலம் வராது.

பெரிய கட்சி ஒன்றின் கூட்டங்களுக்கெல்லாம் பொறுப்பு வெற்றிச்செல்வன். நாற்பது வயதிருக்கும். கசங்காத வெள்ளைச் சட்டை, இரண்டு செல்போன். முத்தியால்பேட்டைக் கடைக்கு அவரே வந்தார். அக்பர் அலி காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கரீமா பழுதான குழாய் ஒன்றைத் திறந்து வைத்திருந்தாள்.

“பாயம்மா, தேர்தல் முடியற வரைக்கும் எங்க கூட்டம் அத்தனையும் உங்களுக்குத்தான்” என்றார்.

“சந்தோசம் தம்பி.”

“ஒரே ஒரு விசயம். அந்த வயர் சுத்தற கதையெல்லாம் வேணாம். ஜனகணமன முடிஞ்சதும் மைக் செத்துடணும்.”

கரீமா குழாயிலிருந்து தலையைத் தூக்கினாள். “ஏன்?”

“போன கூட்டத்துல தலைவர் முக்கா மணி நேரம் பேசினாரு. அப்பறம் எவனோ ஏறி, எங்க தெருவுக்கு ரோடு போடறேன்னு ரெண்டு வாட்டி சொன்னியேன்னு கேட்டுட்டுப் போயிட்டான். மறுநாள் பேப்பர்ல தலைவர் இல்ல. அவந்தான் இருக்கான், போட்டோவோட.”

“போட்டோ நல்லா வந்துதா?” என்றார் அக்பர் அலி.

“பாய், வெளயாடாதீங்க.”

“மைக்க முன்னாடியே புடுங்குனா கொழாய் வீணாப் போவும் தம்பி” என்றாள் கரீமா.

“புடுங்க வேணாம். மேடைய விட்டு எறக்கி வெச்சிடுங்க. யாரு கைக்கும் எட்டக் கூடாது.”

அவள் திருப்புளியைத் துணியில் துடைத்தாள்.

“அது உங்க செட்டு பாயம்மா, ஆனா எங்க கூட்டம்” என்றார் வெற்றிச்செல்வன்.

“கூட்டம் உங்களுதுதான். முடிஞ்ச பிற்பாடு அது யாருது?”

வெற்றிச்செல்வன் சிரித்தார். கோபக்காரர் அல்ல. “சரி. நாயித்துக்கெழம திடல்ல பெரிய கூட்டம். உங்க இஷ்டத்துக்கே வுடறேன். ஒருத்தர் ஏறி கட்சியக் கொற சொன்னாலும், மறுநாள்லேர்ந்து வேற செட்டு. யாருமே ஏறலன்னா, யாருக்கும் வேண்டாத ஒண்ணுன்னு நீங்களே ஒத்துகினு நிறுத்திடணும். சரியா?”

“எப்பிடிப் பாத்தாலும் உங்களுக்குத்தானே தம்பி செயிப்பு.”

“அதுக்குத்தானே கட்சில இருக்கேன்.”

அவர் போனதும் அக்பர் அலி மெதுவாகச் சொன்னார். “நிறுத்திடேன். தேர்தல் முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சுக்கோ. யாரு கேக்கப் போறா?”

“நடுவுல நிறுத்தினா அப்பறம் அது நான் குடுக்கற பிச்ச மாதிரி ஆயிடும். இப்ப அது அவங்க சொத்து மாதிரி நெனச்சி ஏறறாங்க.”

“மத்த செட்டுக்காரன்லாம் சிரிக்கிறான்.”

“இராமதாசு அன்னிக்கி வந்து நின்னான் இல்ல. அந்த மைக் எறக்கி வெச்சிருந்தா அவன் எங்க போயி நின்னிருப்பான்?”

அக்பர் அலி தன் முழங்காலைத் தடவினார். கால் நன்றாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை தானும் வந்திருப்பேன் என்று சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு குழாயை மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாயும் முன்பே வேன்கள் வந்தன. பாகூர், நெட்டப்பாக்கம், கரையாம்புத்தூர், மண்ணாடிப்பட்டு. மேரிக்கு எதிரே ஆட்களை இறக்கின. மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி நிறுத்த விடமாட்டார்கள். வெற்றிச்செல்வன் ஒவ்வொரு டிரைவராகப் பார்த்து, உப்பளம் மைதானத்துப் பக்கம் போய் நிற்கச் சொன்னார். இறங்கியவர்கள் சட்டையை நீவிக்கொண்டும் புடவையை உதறிக்கொண்டும் கடலைப் பார்த்தார்கள். பலர் நகரத்தில் கட்டட வேலைக்கு வருகிறவர்கள்தான். ஆனால் இந்தப் பக்கம் வரவேண்டிய வேலை அவர்களுக்கு இருந்ததில்லை.

கரீமா மதியத்திலிருந்தே கட்டியிருந்தாள். எப்போதும் போலத் தன் சவுக்குக் கம்புகளில்தான். கருங்கல் தூண்களில் கயிறு போட அவள் யாரையும் விட்டதில்லை. ஒரு தொண்டன் தூணில் கொடி கட்டப் போனபோது, “அது நம்ம எல்லாரையும் விட பெரிசுப்பா, வுடு” என்றாள். அவன் கொடியைக் கம்பில் கட்டினான்.

தலைவர்கள் பேசினார்கள். கைதட்டல் நன்றாக இருந்தது. இருட்டியதும் தலைமைப் பேச்சாளர் வில்லியனூரில் கட்சி ஆலோசனை இருக்கிறது என்று கிளம்பினார். அவருடைய காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்களில் ஊர்ப் பொறுப்பாளர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். தேசிய கீதம் முடிந்தது. கூட்டம் கலைந்தது.

“இராமதாசு, மேரி பக்கத்துத எறக்கு” என்று கரீமா மைக்கில் சொன்னாள். மேடையை விட்டு இறங்கி நடந்தாள்.

வெற்றிச்செல்வன் போகவில்லை. பந்தயத்தின் முடிவைப் பார்க்க இருந்தார். மேடையின் படிகளில் நாலைந்து தொண்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரையும் தடுக்கவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். தெருவிளக்கு எரியவில்லை என்று வழக்கமாக ஏறிச் சொல்கிறவர் படிவரை வந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேர்க்கடலை வாங்கப் போகிறவர் மாதிரி திரும்பினார்.

கரீமா மேரி பக்கத்துக் கம்பத்திலிருந்து சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டாவது குழாய் இறங்கியது. மூன்றாவது இறங்கியது. மைக்கின் முன்னால் யாரும் இல்லை. கடல் மட்டும் லேசாகக் கேட்டது. அவளுடைய கை எப்போதும் போல எட்டுப் போட்டது. வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். குறைத்தால் அது கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும்.

திடலை ஒட்டிய கடைசிக் குழாய் மட்டும் மிச்சமிருந்தபோது, தெற்கிலிருந்து ஒரு பெண் விறுவிறுவென்று வந்தாள். ஐம்பது வயதுக்காரி. ஒரு கையில் செருப்பு. பின்னால் ஏழெட்டுப் பேர். படிகளில் நின்ற தொண்டனிடம் கேட்டாள்.

“இதுல பேசலாமா?”

“கூட்டம் முடிஞ்சிடுச்சிமா.”

“அது தெரியுது. மைக்கு எரியுதே.” மைக்கின் அடியில் இருந்த சிவப்பு விளக்கைக் காட்டினாள்.

கரீமா கீழே இருந்து குரல் கொடுத்தாள். “வயர் சுத்தற வரைக்கும் பேசலாம். ஏறுங்க.”

தொண்டர்கள் வெற்றிச்செல்வனைப் பார்த்தார்கள். அவர் லேசாகத் தலையசைத்தார். ஒருத்தர் ஏறிக் குறை சொல்லட்டும், இன்றோடு முடிந்தது என்கிற மாதிரி.

அந்தப் பெண் மைக்குக்கு மிக அருகில் வாயை வைத்தாள். குழாய் கீச்சிட்டது. பின்வாங்கினாள். பிறகு சற்றுத் தள்ளி நின்று, வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுகிற மாதிரி பேசினாள்.

“எம் பேரு செல்வாம்பாள். பாகூர் பக்கத்துலேர்ந்து வந்திருக்கோம். எங்க வண்டி எங்கப்பா?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எறக்கிவுட்ட எடத்துல நின்னுகினு இருக்கோம். வண்டி இல்ல. இவங்க ஒரு தெருவுல பூந்து தேடினாங்க. அந்தத் தெருவும் மஞ்ச செவுரு, அடுத்த தெருவும் மஞ்ச செவுரு. எல்லாம் நேரா போவுது. சுத்தி சுத்தி ஒரே எடத்துக்கு வரோம். எங்க அன்னக்கிளியக் காணோம். கூட்டிகினு வந்தவங்க ஒருத்தரும் இல்ல. கைதட்டுற வரைக்கும் இருந்தாங்க.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “எங்க வண்டியும்தான் காணோம். நெட்டப்பாக்கம்.” இன்னொரு குரல், “கரையாம்புத்தூர்.” கடல் சுவர் பக்கத்தில் இவ்வளவு பேர் நின்றிருப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருந்தது. அவர்கள் திடலை நோக்கி வந்தார்கள்.

வெற்றிச்செல்வன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வண்டியை உப்பளத்தில் நிறுத்தும்படி டிரைவர்களுக்குச் சொல்லியிருந்தார். ஆட்களுக்குக் கூட்டம் முடியும்போது மேடையில் அறிவித்துவிடலாம் என்று வைத்திருந்தார். தலைவரை வழியனுப்புகிற அவசரத்தில் விட்டுப் போய்விட்டது. பிறகு மைக்கில் யாரும் ஏறக்கூடாது என்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். தானும் ஏறலாம் என்பது நினைவுக்கே வரவில்லை.

மேடையில் ஏறினார். செல்வாம்பாள் மைக்கை விட்டு நகரவில்லை. அவர் பக்கவாட்டில் குனிந்துதான் பேச வேண்டியிருந்தது.

“வண்டியெல்லாம் உப்பளத்துல நிக்குது. நேரா தெக்க போங்க. நம்ம ஆளு ரெண்டு பேரு கூட வருவாங்க.”

குழாய் ஒன்றுதான் இருந்தது. திடலில் நின்றவர்களுக்குக் கேட்டது. தெருக்களுக்குள் போனவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் கரீமாவைப் பார்த்தார்.

“பாயம்மா, அந்தக் கொழாயெல்லாம் மறுபடி கட்டிடுங்க.”

கரீமா கையில் இருந்த வயர் வளையத்தைப் பார்த்தாள். அன்றைய வேலை அவ்வளவும் அதில் சுற்றி இருந்தது.

“கட்டறேன் தம்பி. இப்ப கட்டுனா கழட்டறதுக்கும் நேரமாவும். அது வரைக்கும் மைக் அங்கதான் இருக்கும்.”

“இருக்கட்டும்” என்றார் வெற்றிச்செல்வன்.

“இராமதாசு” என்று அவள் கூப்பிட்டாள். மைக்கில் இல்லை, சும்மா. இராமதாஸ் ஏற்கெனவே தோளில் குழாயோடு ஓடிக்கொண்டிருந்தான். ஒருவர் ஏணியைப் பிடித்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்ற தொண்டர்களில் ஒருவன் வயரைப் பிரித்துக்கொண்டே அவள் பின்னால் வந்தான். மதியம் மெதுவாகக் கட்டியது இப்போது சீக்கிரம் முடிந்தது. அவள் இந்த முறை ஒரு குழாயைத் தெருக்களை நோக்கித் திருப்பினாள்.

அதற்குப் பிறகு திடல் பேசியது. ஒவ்வொரு ஊர்க்காரராக ஏறி அவரவர் ஆட்களைக் கூப்பிட்டார்கள். “அம்மாவாச, எங்க இருந்தாலும் காந்தி கிட்ட வா.” “கரையாம்புத்தூர் ஆளுங்க மேரி பக்கம் போவாதீங்க, இங்க வாங்க.” “அன்னக்கிளி, உன் பை எங்கிட்ட இருக்கு, பயப்படாத.” எந்தத் தலைவர் பெயரும் இல்லை. வயல் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிறவர்களின் பெயர்கள் மாளிகைகளுக்கும் சுங்க அலுவலகத்துக்கும் பழைய கலங்கரை விளக்கத்துக்கும் கேட்டன. மாடிகளில் விளக்குப் போட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தெருக்களிலிருந்து இரண்டு பேராக, மூன்று பேராக வந்தார்கள். அன்னக்கிளி ஒரு போலீஸ்காரருடன் வந்தாள். அவருடைய சிவப்புத் தொப்பியைப் பார்த்து முதலில் பயந்துவிட்டதாகவும், அவர்தான் குழாயைக் கேட்டு அவளைக் கூட்டிவந்ததாகவும் சொன்னாள்.

ஒவ்வொரு கும்பலாக உப்பளம் நோக்கி நடந்தது. செல்வாம்பாள் கடைசிவரை மேடையில் இருந்தாள். தன் ஊர் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டதும், செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு மறுபடி மைக்குக்குத் திரும்பினாள்.

“இன்னொண்ணு. ஏறினதுக்கு சொல்லிட்டுப் போறேன். எங்க தெரு வாய்க்கால் தூர்ந்து போயி வருசக் கணக்கா ஆவுது. மழ பேஞ்சா வீட்டுக்குள்ள தண்ணி. யாரக் கேட்டாலும் எங்க வேல இல்லன்னு சொல்றாங்க. இந்தத் தேர்தல் வந்தா அது யாரு வேலன்னு தெரியும்னு பேசினவங்க சொன்னாங்க. நல்ல விசயம். செயிச்சா மொதல்ல அந்த வாய்க்கால வந்து பாருங்க. பாக்கலன்னா மறுபடி வண்டி வெச்சாலும் வர மாட்டோம். வண்டி எங்க நிக்கும்னும் தெரியாது.”

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். தொண்டர்களும். வெற்றிச்செல்வன் சிரிக்காமல் நின்றார். அவள் இறங்காமல் அவரைப் பார்த்தாள். பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. திடலில் இருந்த மற்றவர்களும் காத்திருந்தார்கள். அவர் மைக்குக்குக் குனிந்தார்.

“வந்து பாக்கறோம்” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “நானே வரேன். உங்க பேரு செல்வாம்பாள்தானே” என்றார்.

“ஆமா. கேட்டா வழி சொல்லுவாங்க. எங்க ஊர்ல தெரு நேரா இருக்காது” என்று இறங்கிப் போனாள்.

“இராமதாசு, மேரி பக்கத்துத எறக்கு” என்று கரீமா இரண்டாவது முறையாகச் சொன்னாள். தூரத்தில் யாரோ ஒரு பிள்ளை அதை அப்படியே திருப்பிச் சொன்னது.

வெற்றிச்செல்வன் மேடையிலிருந்து இறங்கி அவளோடு கொஞ்ச தூரம் நடந்தார். ஒரு செல்போன் அடித்தது. எடுக்கவில்லை.

“கொற சொல்லிட்டாங்க பாயம்மா” என்றார்.

“ஆமாம் தம்பி. கேட்டேன்.”

“நாளைக்கு வில்லியனூர்ல தெருமுனைக் கூட்டம். வெயில் எறங்கறதுக்குள்ள கட்டிடணும்.”

கரீமா நடப்பதை நிறுத்தவில்லை. “வேற செட்டுன்னு சொன்னீங்க.”

“வேற செட்டுக்காரன் ரெண்டு வாட்டி கட்ட மாட்டான்.” கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கு கடைசில வண்டி எங்க நிக்குதுன்னு நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

“நான் சொல்ல மாட்டேன். மைக் இருக்கும். நீங்க நின்னு சொல்லிட்டுப் போங்க.”

அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார். மறுக்கவில்லை. கம்பத்தின் அடியில் அவள் வயரின் நுனியை எடுத்துக் கட்டைவிரலில் மாட்டினாள். சுற்ற ஆரம்பித்தாள்.

சற்று முன் வேர்க்கடலை வாங்கப் போனவர் இப்போது மேடையில் ஏறியிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு தன் தெருவிளக்கைப் பற்றி ஆரம்பித்தார். படிகளில் யாரும் இல்லை. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

“இதெல்லாம் முடிய இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் வெற்றிச்செல்வன்.

கரீமா திடலைப் பார்த்தாள். தூண்கள், நடுவில் காந்தி, மைக், பேசிக்கொண்டிருக்கும் மனிதர்.

“சுத்திகினுதான் இருக்கேன் தம்பி” என்றாள்.